வளர்ப்புக் கும்பிடுபூச்சியின் ஆயுள்: அறிகுறியைக் கொண்டு காரணம் அறியும் முறை

கும்பிடுபூச்சி வளர்ப்பவர்களை வாட்டும் கவலைகள் பெரும்பாலும் நான்கைந்துதான்: சாப்பிட மறுக்கிறது, கீழே விழுகிறது, வயிறு ஊதிவிட்டது, கண் கறுத்துவிட்டது, அசையாமல் கிடக்கிறது. இவற்றுள் எதையும் தனியாக வைத்துக்கொண்டு காரணம் சொல்லிவிட முடியாது. சிறகு முளைக்காத இளம்பூச்சி ஐந்து நாள் பட்டினி கிடந்தால், அது பெரும்பாலும் தோலுரிக்கத் தயாராகிறது. சிறகு முளைத்த ஆண் அதே ஐந்து நாள் சாப்பிடாமல் இருந்தால் அதில் வியப்பே இல்லை. சிறகு முளைத்துப் பல மாதங்கள் கடந்த பெண் அப்படி இருந்தால், அதன் காலம் முடிந்துகொண்டிருக்கலாம். ஆகவே அறிகுறிக்கு முன் பருவத்தைப் பார்க்க வேண்டும். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒன்றின் மீதே நிற்கிறது.

கீழே வரும் கணக்குகள் ஹைரோடியூலா மெம்பரனேசியா என்னும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சியை அடிப்படையாகக் கொண்டவை. இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இந்த இனம், பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பூச்சி வளர்ப்போரிடம் நீண்ட காலமாகப் பரவலாக இருந்து வருகிறது. கடினமான சூழலையும் ஓரளவு தாங்குவதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதையே தருகிறார்கள்.

முதலில்: சிறகு இருக்கிறதா?

வயிற்றை முழுவதும் மூடும் சிறகு இருந்தால் பூச்சி முதிர்ந்துவிட்டது. இனி அது ஒருபோதும் தோலுரிக்காது, இழந்த காலை மீண்டும் வளர்த்துக்கொள்ளாது. தோளுக்குப் பின்னால் சிறிய மொட்டுகள் மட்டும் இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ அது இளம்பூச்சி. அடுத்து, வயிற்றின் அடிப்பக்கத்தில் தெரியும் வளையங்களை எண்ண வேண்டும்: பெண்ணுக்கு ஆறு, ஆணுக்கு எட்டு. பூச்சி ஓரளவு வளர்ந்தபின் ஒரு கைக்கண்ணாடி இருந்தால் இதைத் தெளிவாகப் பார்த்துவிடலாம்.

முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பூச்சிக்குச் சிறகு முளைக்க ஏறத்தாழ 4 முதல் 6 மாதம் ஆகிறது. அதன்பின் பெண் 4 முதல் 6 மாதமும், சில வேளை அதற்குச் சற்று மேலும் வாழும். ஆண் பெரும்பாலும் 2 முதல் 3 மாதமே வாழும். ஆக, நல்ல கவனிப்பில் பெண்ணின் முழு ஆயுளே ஓராண்டையொட்டித்தான் அமைகிறது. ஐரோப்பாவின் மாண்டிஸ் ரிலிஜியோசா போன்ற குளிர்நாட்டு இனங்களில், வசந்தத்தில் பொரித்த பூச்சிகள் கோடையின் பிற்பகுதியில் முதிர்ந்து, குளிர் தொடங்கும்போது மடிந்துவிடுகின்றன. குளிர்காலத்தைக் கடப்பது முட்டைக்கூடு மட்டுமே. அவற்றை வீட்டுக்குள் வைத்துச் சில வாரங்களைக் கூட்டலாமே தவிர, இன்னோர் ஆண்டைச் சேர்க்க முடியாது.

இந்த எல்லைக்குள் ஆயுளைக் கூட்டவும் குறைக்கவும் வளர்ப்பவரால் முடியும். 28 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்துத் தினமும் வயிறு புடைக்கத் தீனி கொடுத்தால், பூச்சி வேகமாக வளர்ந்து வேகமாக முதிர்ந்து வேகமாகவே முடிந்துவிடுகிறது. 22 முதல் 26 டிகிரியில் அளவான தீனியோடு வளர்வது நிதானமாக வளர்ந்து கூடுதல் நாள் இருக்கிறது. நீண்ட நாள் உடனிருக்க வேண்டும் என்று விரும்புகிறவர் தீனியை அள்ளிக் கொடுப்பது, தன் விருப்பத்துக்கே எதிரான செயல் என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன்.

சாப்பிட மறுக்கிறது

இளம்பூச்சியாக இருந்தால், முதலில் தோலுரிப்பையே சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் சின்னஞ்சிறு பூச்சி ஓரிரு நாளும், பெரிய பூச்சி ஒரு வாரமும் சாப்பிடாமல் இருக்கும். சிறகு முளைக்கும் கடைசித் தோலுரிப்புக்கு முன் பட்டினி அதற்கு மேலும் நீளலாம். வயிறு நிரம்பியிருப்பது, நிறம் மங்குவது, கூரையிலேயே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பது, இரையைக் கண்டு பின்வாங்குவது ஆகியவை உடன் வரும் அடையாளங்கள். கடைசிப் பருவத்தில் சிறகு மொட்டுகள் தட்டையாக இல்லாமல் பருத்துத் திரண்டிருந்தால், இன்னும் சில நாளில் தோலுரிக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றே: உயிருள்ள இரை அனைத்தையும் கூண்டிலிருந்து எடுத்துவிட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, கூண்டைத் தொடாமல் விட வேண்டும்.

வயிறு ஒட்டிப்போய், நிறமும் மங்காமல், இரையைப் பார்த்தும் பாயாத இளம்பூச்சியின் நிலை வேறு. இரை அதன் உடல் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் பூச்சி பயப்படும். மூன்றில் ஒரு பங்கு அளவே பொருத்தமானது. அறை குளிர்ந்திருந்தாலும் பாயாது: குளிர்சாதனம் ஓடும் அறையில் இரவெல்லாம் வைத்திருந்த பூச்சி காலையில் மந்தமாக இருப்பதற்கு நோய் காரணமல்ல. இரை அசையாமல் மூலையில் பதுங்கினால், பூச்சிக்கு அது இரையாகவே தெரியாது. அசைவுதான் அதன் வேட்டையைத் தூண்டுகிறது. எனவே தரையில் ஒளியும் சுவர்க்கோழியைவிட, கூரைக்கு ஏறிப் பறக்கும் ஈ நல்ல இரை.

முதிர்ந்த ஆண் குறைவாகவே சாப்பிடும். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு ஈ எடுத்தாலே போதும். அது கூண்டெங்கும் அலைந்து சிறகடிப்பது பெண்ணைத் தேடுவதால். முதிர்ந்த பெண் முட்டையிடுவதற்கு முன் சில நாள் தீனியை ஒதுக்குவதும் உண்டு; முட்டையிட்டு முடித்தவுடன் பெரும்பசியோடு வரும்.

தோலுரிக்கையில் விழுந்தது, கால் கோணியது, தோல் ஒட்டிக்கொண்டது

வளர்ப்பில் நேரும் தவிர்க்கக்கூடிய சாவுகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் நிகழ்கின்றன. அதனால் நல்லபடியாக நடக்கும் தோலுரிப்பு எப்படி இருக்கும் என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பூச்சி பின்கால்களால் கூரையைப் பற்றித் தலைகீழாகத் தொங்குகிறது. தலைக்குப் பின்னால் கழுத்துப் பகுதியில் பழைய தோல் வெடிக்கிறது. வெளிறிய ஈரமான உடல், தன் எடையாலேயே மெல்லக் கீழிறங்குகிறது. உணர்கொம்புகளும் கால்களும் ஈர நூலைப் போலத் தம் உறைகளிலிருந்து உருவிக்கொண்டு வருகின்றன. எல்லாம் வெளிவந்தபின் வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலில் மாட்டியிருக்க, கால்கள் இறுகும்வரை பூச்சி அப்படியே தொங்கும். பிறகு ஒரே எம்பில் மேலே வளைந்து, பழைய தோலையோ கூரையையோ பற்றிக்கொள்ளும். கால் மணி முதல் அரை மணி நேரத்தில் இது முடிந்துவிடும். கடைசித் தோலுரிப்பானால் சுருங்கிய சிறகு விரிந்து உலர மேலும் சில மணி நேரம் தேவை. இதில் எந்த இடத்தில் தடை வந்தாலும், உடல் கோணிய நிலையிலேயே இறுகிவிடும்.

விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கூண்டுதான். பூச்சியின் உடல் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் இருக்க வேண்டும். கூரை வழுவழுப்பான பிளாஸ்டிக்காக இல்லாமல், கொசுவலைத் துணியோ வேறு வலையோ ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டர் நீளும் பூச்சியைப் பத்து சென்டிமீட்டர் டப்பாவில் வைத்திருந்தால், தோலுரிக்கும்போது தலை தரையில் முட்டும். அந்தப் பூச்சி பிழைப்பது அரிது. கூண்டை இடையில் தூக்கிப் பார்ப்பதும், உள்ளே ஒரு சுவர்க்கோழி சுற்றித் திரிவதும் அடுத்த காரணங்கள். தொங்கும் பூச்சியைச் சுவர்க்கோழி கடித்துத் தின்றுவிடும்.

தோல் காலில் ஒட்டிக்கொண்டது என்றால் காற்று வறண்டிருந்தது என்று கொள்ளலாம். கடலோர ஊர்களில் இது குறைவு. கோடையில் உள்நாட்டு ஊர்களிலும், குளிர்சாதன அறையிலும், வெளிநாடுகளில் குளிர்கால வெப்பமூட்டி ஓடும் வீடுகளிலும் அதிகம். இந்த இனத்துக்கு 50 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் போதும். நாள்தோறும் மாலையில் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் தெளித்து, மறுநாள் நண்பகலுக்குள் உலரும்படி காற்றோட்டம் வைத்தால் அது கிடைத்துவிடும். நாள் முழுவதும் சொட்டச் சொட்ட நனைத்து வைப்பது பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

இப்போது விழுந்து கிடக்கும் பூச்சிக்கு என்ன செய்வது? உடல் இன்னும் வெளிறி மென்மையாக இருந்தால், பழைய தோலை மட்டும் இடுக்கியால் மெதுவாகப் பிடித்துத் தூக்கி, அந்தத் தோலை ஒரு குச்சியிலோ கூரை வலையிலோ குண்டூசியால் மாட்டி, பூச்சி மறுபடி தலைகீழாகத் தொங்கும்படி செய்ய வேண்டும். பூச்சியின் உடம்பைத் தொடக் கூடாது. ஒட்டிய தோலை ஈரத் தூரிகையால் நனைத்து விடலாம். இழுக்கக் கூடாது, இழுத்தால் காலும் சேர்ந்து வரும். உடல் இறுகிய பிறகு எதையும் நிமிர்த்த முடியாது.

அதன்பின் எஞ்சுவது பருவக் கணக்கு. இளம்பூச்சியின் நடைக்கால் கோணினாலோ உதிர்ந்தாலோ, அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அது சிறிதாக முளைத்துச் சரியாகிவிடும், பொறுமைதான் தேவை. முன்கால்களில் ஒன்று பழுதானாலும், இரையை இடுக்கியால் வாய்க்கருகே நீட்டி ஊட்டினால் பூச்சி தாக்குப்பிடிக்கும். முதிர்ந்த பூச்சியின் சிறகு சுருங்கிப்போனால் தோற்றம்தான் கெடும், ஆயுளுக்கு அதனால் குறைவில்லை. வாய்ப்பகுதி கோணிச் சாப்பிடவே முடியாத நிலையிலும், இரு முன்கால்களும் பல நடைக்கால்களும் ஒருசேரப் பழுதான நிலையிலும், பூச்சியை நாட்கணக்கில் இழுத்தடிப்பது தகாது. அத்தகைய பூச்சியைச் சிறு டப்பாவில் இட்டு உறைபெட்டியில் வைத்துவிடுவதே வளர்ப்போர் பின்பற்றும் முறை. நானும் அதையே சரி என்கிறேன்.

தோலுரித்து முடித்த பூச்சிக்கு உடனே தீனி கொடுக்கக் கூடாது. சிறியதற்கு ஒரு நாள், பெரியதற்கு இரண்டு மூன்று நாள், சிறகு முளைத்ததற்குச் சற்றுக் கூடுதலாகவும் இடைவெளி விட வேண்டும். வாயும் முன்காலும் இறுகுவதற்கு முன் வலிய இரையோடு போராடினால் அவையே கோணிப்போகும்.

வயிறு ஒட்டித் தட்டையாகிவிட்டது, சோர்ந்திருக்கிறது

முதலில் தண்ணீர். ஒரு துளியைத் தூரிகை நுனியில் எடுத்து வாய்க்கருகே காட்டினால், தாகமுள்ள பூச்சி தலையைத் திருப்பி, வாயுறுப்புகளை விரித்து, துளி கண்முன்னே சிறுத்துக்கொண்டே போகும்படி உறிஞ்சும். குடித்தபின் சில மணி நேரத்தில் தெளிந்தால் குறை தண்ணீர்தான். கிண்ணத்தில் வைத்த நீரை இது தேடிப் போகாது; இலையிலும் வலையிலும் தெளித்த துளிகளையே குடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம்.

வாயிலிருந்து கறுத்த நீர் வருகிறது

நாற்றமுள்ள கரும்பழுப்பு நீர் கூண்டுச் சுவரிலும் முகத்திலும் படிந்து, பூச்சியின் உடல் தளர்ந்திருந்தால் நிலைமை கடினம். அழுகிய தீவனத்திலும் ஈரக் கழிவிலும் வளர்ந்த சுவர்க்கோழிகளைத் தின்றதே அடிக்கடி காணும் காரணம். காற்றோட்டமற்ற, சூடும் ஈரமும் சேர்ந்த கூண்டு அதற்குத் துணைபோகிறது. பூச்சியை உலர்ந்த, சுத்தமான, நன்கு காற்றாடும் கூண்டுக்கு மாற்றி, இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் காட்ட வேண்டும். நீர்த்த தேன் ஒரு துளி கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது மருந்தல்ல, தெம்புக்கு மட்டுமே உதவும். தேறினால் ஈயில் தொடங்கலாம். கையிலெடுத்தபோது பயந்து ஒரே ஒரு துளி கக்கியது என்றால் அதை நோயாகக் கொள்ள வேண்டாம். சுவர்க்கோழியை முதன்மைத் தீனியாக வைக்காமல், ஈ, அந்துப்பூச்சி, வீட்டில் வளர்த்த கரப்பான் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பதே நல்லது.

நடுங்குகிறது, கால்கள் பின்னிக்கொள்கின்றன, புரண்டு விழுகிறது

நேற்றுவரை திடமாக இருந்த பூச்சி திடீரென இப்படியானால் நஞ்சையே முதலில் நினைக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருளிலும், மின்செருகியில் மாட்டும் கொசுவிரட்டித் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு மருந்துகள் பூச்சிகளின் நரம்பைத் தாக்குபவை. கொசுவைக் கொல்லும் புகை கும்பிடுபூச்சியை விட்டுவைக்காது. கரப்பான் மருந்து அடித்த சமையலறையில் பிடித்த ஈ, மருந்து தெளித்த வயலில் பிடித்த வெட்டுக்கிளி, உண்ணிக்கு மருந்து தடவிய நாயைத் தொட்ட கை ஆகிய எல்லாம் ஒரே வழிதான். பூச்சியைத் தூய காற்றுக்குக் கொண்டுபோய், லேசாக நீர் தெளித்து, கூண்டையே மாற்ற வேண்டும். மாற்று மருந்து கிடையாது. சிலது தேறும், பலது தேறாது. கும்பிடுபூச்சி இருக்கும் அறையில் கொசுவிரட்டியை அறவே நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

கண்ணில் கறுப்பு

இரவில் இரு கண்களும் முழுவதும் கறுப்பது இயல்பு; இருட்டில் பார்ப்பதற்காகக் கண்ணின் நிறமிகள் இடம் மாறுகின்றன, வெளிச்சம் வந்தால் பச்சை திரும்பிவிடும். நாம் நகர்ந்தால் நம்மையே பின்தொடரும் சிறு கரும்புள்ளி கூட்டுக்கண்ணின் ஒளியியல் தோற்றம் மட்டுமே. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் நிற்கும் பழுப்புத் தேய்வுதான் புண்: கண்ணாடிச் சுவரின் ஊடே வெளியே போக முயன்று முட்டி உரசியதால் வந்தது. வலைக் கூண்டுக்கு மாற்றி, உள்ளே குச்சிகளும் இலைகளும் வைத்தால் பரவாது. இளம்பூச்சியில் தோலுரிப்போடு பெரும்பாலும் மறையும். முதுமையில் வரும் நிலையான மங்கலுக்கு மாற்று இல்லை.

வயிறு அளவுக்கு மீறி ஊதிவிட்டது

முதிர்ந்த பெண்ணானால் முட்டை நிறைந்திருக்கலாம். ஆணோடு சேராத பெண்ணும் முட்டைக்கூடு இடும். அது பொரிக்காது, அவ்வளவே. கூடு ஒட்டுவதற்குச் சொரசொரப்பான குச்சி இல்லாமல் வழவழப்பான சுவர்களே இருந்தால் பெண் தவிக்கும். ஆகவே சாய்வாக இரண்டு மூன்று மரக்குச்சிகள் எப்போதும் இருக்க வேண்டும். கூடு இட்ட மறுநாள் வயிறு சட்டென வற்றித் தெரிவது கண்டு பதற வேண்டாம்.

வளையங்களுக்கு இடையிலுள்ள சவ்வு வெளிறித் தெரியும் அளவுக்கு வயிறு புடைத்திருந்தால் தீனி மிகுதி. அந்த நிலையில் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். பெண்ணுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு நல்ல இரை போதும். புடைத்திருந்தால் ஒரு வாரம் நிறுத்தலாம்.

வெளியில் பிடித்து வந்த பூச்சியில் குதிரைமுடிப் புழு இருக்க வாய்ப்புண்டு. நீரில் வளர்ந்த சிறு பூச்சிகளைத் தின்னும்போது இதன் இளம்புழு உள்ளே புகுந்து, வயிற்றில் சுருண்டு வளர்ந்து, நீரைத் தொட்டதும் கறுத்த நீண்ட கம்பி போல நெளிந்து வெளிவரும். மனிதருக்கு இதனால் தீங்கில்லை. பூச்சி பிழைப்பது அரிது. இதற்கு வைத்தியம் கிடையாது. கூண்டில் பொரித்து வளர்ந்த பூச்சிக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

சேர்த்து வைத்ததும் ஆணைக் காணவில்லை

பெண் தின்றிருக்கும். டிம் பெர்க்ஹெட்டும் உடன் ஆய்வாளர்களும் இதே இனத்தைக் கொண்டு செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு, பசித்த பெண்ணே ஆணைத் தின்பதில் முனைப்புக் காட்டுவதையும், அந்த உணவு அதன் முட்டைக்கூட்டுக்குப் பயன்படுவதையும் காட்டியது. எனவே சேர்ப்பதற்கு முன் சில நாள் பெண்ணுக்கு நிறையத் தீனி கொடுத்து, பெரிய கூண்டில் பகல் வெளிச்சத்தில் சேர்த்து, முடிந்தவுடன் ஆணைப் பிரித்துவிட வேண்டும். மற்ற நாட்களில் ஒரு கூண்டுக்கு ஒரு பூச்சிதான்.

சுவரில் ஏற முடியவில்லை, அடிக்கடி நழுவுகிறது

சிறகு முளைத்து மாதங்கள் கடந்த பூச்சியில் இது முதுமை. காலின் நுனியிலுள்ள கணுக்கள் முதலில் கறுத்து, பிறகு ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கொக்கி போன்ற நகம் போனபின் பிளாஸ்டிக்கில் பிடிப்புக் கிடைக்காது. சிறகு ஓரம் கிழியும், பாய்ச்சல் குறி தவறும், தீனி குறையும். உயரமான கூண்டை விட்டுத் தாழ்வான கூண்டுக்கு மாற்றி, தரையிலும் சுவரிலும் துணி விரித்து, படுத்தவாறே பற்றிக்கொள்ளும்படி குச்சிகளைத் தாழ வைக்க வேண்டும். இரையை இரண்டாக வெட்டி, ஈரமான பக்கத்தை வாயில் பட வைத்தால் பல பூச்சிகள் கடைசி வாரம்வரை மெல்லும். தண்ணீரை நாள்தோறும் தூரிகையால் காட்ட வேண்டும். அசைவற்றுக் கிடந்தாலும் உடனே இறந்ததாகக் கொள்ளாமல் ஒரு நாள் பொறுக்க வேண்டும். கால் நுனியும் வாயுறுப்பும் வெகுநேரம் துடித்துக்கொண்டிருப்பது உண்டு.

கூண்டில் முட்டைக்கூடு இருக்கிறது

தோட்டத்தில் முதிர்ந்த நிலையில் பிடித்த பெண்ணானால், அது முன்பே ஆணோடு சேர்ந்திருக்கும் என்று கருதிக்கொள்ள வேண்டும். பெண் இறந்தபின்னும் கூட்டைத் தூக்கி எறியாமல், குச்சியோடு எடுத்து, இட்ட நிலையிலேயே காற்றாடும் வலை டப்பாவில் தொங்கவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை லேசாக நீர் தெளித்து வந்தால், 25 டிகிரிக்கு மேல் நான்கு முதல் ஆறு வாரத்தில் பொரிக்கும். ஒரே நாளில் நூறும் அதற்கு மேலும் குஞ்சுகள் இறங்கலாம். பிடித்த தோட்டத்திலேயே பெரும்பகுதியை விட்டுவிட்டு, வளர்க்க முடிந்த சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்; வேற்று நாட்டு இனத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியில் விடக் கூடாது. வைத்துக்கொண்டவற்றை முதல் இரண்டு தோலுரிப்புக்குள் தனித்தனிக் குவளைகளுக்குப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். இந்தக் குஞ்சுகளுக்குப் பழ ஈயைத் தவிர வேறு எதுவும் எளிதில் அளவு பொருந்தாது. பழ ஈ முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரியில் ஏறத்தாழ பத்து நாள் எடுப்பதால், மசித்த வாழைப்பழப் புட்டியை முட்டைக்கூடு பொரிக்கும் என்று எதிர்பார்க்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி வைக்க வேண்டும்.